மருந்துக்கடைக்காரனின் ஈறு

என் மனைவி என் முகத்துக்கு நேராக உட்கார்ந்து பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பேச்சுவார்த்தை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சண்டையும் கிடையாது. நாள் முழுக்கப் பேசுவாள். ஆனால் எல்லாம் பக்கவாட்டுப் பேச்சு. சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டிருந்தவள், ஒருநாள் என் பக்கத்து நாற்காலிக்கு மாறினாள். வெளிச்சம் கண்ணில் அடிக்கிறதாம். ஏதாவது கேட்டால் சமையலறை வாசலில் நின்றபடியே பதில் வரும். நான் நெருங்கிப் போய் ஒரு விஷயம் சொல்ல ஆரம்பித்தால், அவளுக்கு அப்போதுதான் அடுப்பில் ஏதோ ஞாபகம் வரும்.

காரணம் என் வாயில் இருந்தது. அது எனக்கு மட்டும் தெரியாது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். முதுகையாவது இரண்டு கண்ணாடி வைத்துப் பார்த்துவிடலாம். வாய்நாற்றத்துக்கு எந்தக் கண்ணாடி இருக்கிறது?

எனக்கு மருந்துக்கடை. இருபத்திரண்டு வருஷமாக ஒரே முக்கில், ஒரே கட்டடத்தின் தரைத்தளத்தில். மாடியில் பல் ஆஸ்பத்திரி. அதை நடத்துகிறவள் வேறு யாருமில்லை, என் மனைவியின் தங்கை. பல் டாக்டர். நான் கல்யாணம் செய்துகொண்டபோது பாவாடை சட்டையில் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்த வாண்டு. வீட்டில் எல்லாருக்கும் அவள் சின்னவள். பத்து வருஷத்துக்கு முன் மாடியில் போர்டு மாட்டிய அன்றைக்கே அவள் என்னிடம் ஒரு வேண்டுகோள் வைத்தாள். ஈற்றில் ரத்தம் என்று யாராவது வந்தால் பாட்டிலைக் கொடுத்து அனுப்பாமல் மேலே அனுப்ப வேண்டும் என்றாள். நான் சிரித்தேன். கொழுந்தியாள் வைத்தியம் செய்தால் அத்தான் பத்தியம் இருக்க வேண்டுமா என்று கேலி வேறு செய்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் கேட்டுக்கொண்டவள் சிரித்ததற்கும் கேட்காதவன் சிரித்ததற்கும் வித்தியாசம் உண்டு.

பல் தேய்க்கும்போது நுரை இளஞ்சிவப்பாக வர ஆரம்பித்தது எப்போது என்று சரியாக நினைவில்லை. எனக்குக் கவலையும் வரவில்லை. ஈற்றில் ரத்தம் என்றால் வைட்டமின் சி குறைவு. இதைக் கண்டுபிடிக்க டாக்டர் எதற்கு? என் கடையில் அது ஐந்து வகை இருக்கிறது.

இந்த இடத்தில் என் தொழிலில் உள்ள ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். காய்ச்சல் மாத்திரை, சர்க்கரை மாத்திரை மாதிரியானவை காலாவதித் தேதியை நெருங்கினால் பெரிய கம்பெனிகள் திருப்பி எடுத்துக்கொள்ளும். சத்து மாத்திரை செய்கிற சில்லறைக் கம்பெனிகள் எடுக்காது. அவற்றுக்கென்று கல்லாவுக்குக் கீழே ஒரு பச்சைக் கூடை வைத்திருந்தேன். தேதி முடிய இரண்டு மாதம் இருக்கும்போது பாட்டில் கூடைக்குப் போகும். கூடையில் இருந்து என் வயிற்றுக்குப் போகும். நல்ல மருந்தைக் குப்பையில் போட எனக்கு மனசு வராது. ஆக, என் ஈற்றுக்கு என்ன வைத்தியம் என்பதை முடிவு செய்தது நானும் இல்லை, டாக்டரும் இல்லை, பாட்டிலில் அச்சடித்த தேதி.

ஒரு மாதம் வைட்டமின் சி. அடுத்த மாதம் துத்தநாகம். அதற்கடுத்து மீன் எண்ணெய், ஒரு வேளைக்கு மூன்று உருண்டை, ஏனென்றால் நாலு பாட்டில் தேங்கிவிட்டது. கர்ப்பிணிகளுக்கான சத்து மாத்திரையை நாற்பது நாள் விடாமல் சாப்பிட்டிருக்கிறேன். மசக்கை மட்டும்தான் வரவில்லை. பிறகு குழந்தைகள் சப்பிச் சாப்பிடும் வைட்டமின் சி வந்தது, கரடிக்குட்டி வடிவத்தில், ஆரஞ்சு வாசனையோடு. அதை விழுங்க வேண்டியதில்லை என்பதால் எனக்கு ஒரு யோசனை பிறந்தது. மருந்து எதற்கு வயிறு வரை போய்ச் சுற்றிக்கொண்டு வர வேண்டும்? ஒரு கரடியை எடுத்துக் கீழ் ஈற்றுக்கும் உதட்டுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொள்வேன். கரைந்து முடிந்தால் அடுத்த கரடி. புண் இருக்கிற இடத்திலேயே மருந்து நிற்கிறது, இதைவிட என்ன வேண்டும் என்று எனக்கு என்மேலேயே ஒரு மரியாதை வந்தது.

அந்த மரியாதையோடு நிறுத்தியிருக்கலாம். ஊருக்கும் உபதேசம் செய்தேன். தையல்காரர் கேட்டார், சொன்னேன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் கேட்டார், சொன்னேன். எதிரே அச்சகம் நடத்துகிற அம்மா, ஈறு வீங்கியிருக்கிறது, மேலே போய் டாக்டரைப் பார்க்கட்டுமா என்று என்னிடமே கேட்டார். மேலே போனால் சுரண்டுவார்கள், முதலில் இதைச் சாப்பிட்டுப் பாருங்கள் என்று இரண்டு பாட்டிலை எடுத்து வைத்தேன். நல்லெண்ணத்தில்தான் செய்தேன். நல்லெண்ணம் என்பது இந்த உலகத்தில் எவ்வளவு பேரின் பல்லைக் கொண்டுபோயிருக்கும் என்று இப்போது நினைத்தால் கோபம் வருகிறது.

இதற்கிடையில் என் கீழ்வரிசை முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்தது. நாக்கால் தள்ளினால் போகும், விட்டால் வரும். பல் போனால் சொல் போச்சு என்று பெரியவர்கள் சொன்னது வெறும் பேச்சுக்கு இல்லை. அந்தப் பல் போனால் நாள் பூராவும் வாய் திறந்து பேசிப் பிழைக்கிற நான் என்ன செய்வேன்? பயம் வந்தது. மாடிப்படி என் கடை வாசலிலிருந்து ஏழெட்டு அடிதான். ஆனால் சின்னவள் முகத்தில் எப்படி விழிப்பது? பத்து வருஷமாக அவளைக் கேலி செய்துவிட்டு, இப்போது போய் வாயைத் திறந்தால் அவள் விடுவாளா? வீம்பு என்பது பெரிய சத்து மாத்திரை. அதற்குக் காலாவதியே கிடையாது. இன்னும் இரண்டு கரடியை ஒதுக்கிக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

வீட்டில் பக்கவாட்டுப் பேச்சு தொடர்ந்தது. என் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். எதையும் படிப்படியாக எழுதிக் காட்டுகிறவள், இதற்கு மட்டும் காரணம் சொல்லவில்லை. நான் எனக்குத் தெரிந்த என் குற்றங்களை எல்லாம் மனசுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தேன். அவள் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குத் தாமதமாகப் போனது, அவள் வாங்கிவந்த திரைச்சீலையை நன்றாக இல்லை என்று சொன்னது. எதுவும் இரண்டு வருஷம் தாங்கும் கோபமாகத் தெரியவில்லை. வயசாகிவிட்டது, அலுத்துவிட்டேன் போலிருக்கிறது என்று முடிவுக்கு வந்தேன். அந்த முடிவு என்னை எவ்வளவு வருத்தியது என்று யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் என் மூக்கோடு மூக்கு உரச உட்கார்ந்து மாணவர்களின் அபத்த விடைகளைப் படித்துக் காட்டிச் சிரிப்பவள் அவள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடை திறந்த கொஞ்ச நேரத்தில் அச்சகத்து அம்மா வந்தார். பாட்டில் தீர்ந்துவிட்டது, இன்னொன்று வேண்டும் என்றார். எடுத்துக் கல்லாவில் வைத்தேன். ஆறு மாதமாகச் சாப்பிடுகிறார். பேசும்போது மை படிந்த விரல்களால் வாயை மறைத்துக்கொண்டார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கல்லாவின்மேல் முன்னால் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"ரத்தம் நிக்கலண்ணே. ஒரு கடவாய்ப் பல்லு ஆடுது. நீங்க சொன்னீங்கன்னுதான் மேல போகாம இருக்கேன்."

அவர் குனிந்தபோது நான் அரை அடி பின்னால் நகர்ந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. மூக்கு செய்தது. நகர்ந்ததை மறைக்க, பின்னால் இருந்த அலமாரியில் எதையோ தேடுகிறமாதிரி திரும்பினேன். அங்கே தேட ஒன்றுமே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த அரை அடி எனக்குப் பழக்கமான அரை அடி. அடுப்பில் ஏதோ ஞாபகம் வருகிற அதே அரை அடி. என் வீட்டில் தினமும் நடப்பது.

அலமாரியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். இரண்டு வருஷமாக ஒரு மனுஷி மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள், என் மனம் நோகக் கூடாது என்று வெளிச்சத்தின்மேலும் அடுப்பின்மேலும் பழி போட்டிருக்கிறாள். நான் என்னடாவென்றால் அவள் அலுத்துப்போனாள் என்று அவளைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன்.

எடுத்த பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

"நான் சொன்னது தப்பும்மா. வாங்க, மேல போவோம். நானும் காட்டணும்," என்றேன்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இரண்டு பேரும் படியேறினோம். சின்னவள் முதலில் அவரைப் பார்த்து அனுப்பினாள். பிறகு என்னை நாற்காலியில் சாய்த்துப் போட்டாள். கேலி செய்வாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். பல்லைக் கடிக்காதீங்க, திறங்க என்றாள். அளவுக்கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பியை ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையில் இறக்கி, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு எண் சொன்னாள். உதவிக்கு இருந்த பெண் எழுதிக்கொண்டாள். மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஆறு. மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்ல ஈறு. அதற்குமேல் போனால் ஈறு பல்லை விட்டு விலகிப் பள்ளம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். பள்ளத்தில் அழுக்கு கல்லாகப் படிந்திருக்கும், நாற்றம் அங்கிருந்துதான் வரும் என்றாள். ஆடுகிற பல்லில் ஏழு வந்தது. என் மனைவியின் வகுப்பில் இவ்வளவு மார்க் வாங்கியிருந்தால் தேறியிருப்பேன்.

என்னென்ன சாப்பிட்டேன் என்று கேட்டாள். கீழே போய்ப் பச்சைக் கூடையையே கொண்டுவந்து வைத்தேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் நிறுத்தினாள். பதினொரு பாட்டில். கர்ப்பிணி மாத்திரையை எடுத்தபோது உதவிப்பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. கரடியை எங்கே ஒதுக்கினேன் என்று சொன்னதும் சின்னவளுக்குச் சிரிப்பு போய்விட்டது. அது புளிப்பு, சர்க்கரையும் உண்டு, மணிக்கணக்கில் ஒரே இடத்தில் வைத்தால் பல்லின் மேல்பூச்சை அரிக்கும், மூன்று பல் ஏற்கனவே அரித்திருக்கிறது என்று காட்டினாள். நான் வைத்தியம் என்று நினைத்ததுதான் பாதி வியாதி.

"அப்ப சத்து மாத்திரையெல்லாம் சும்மாவா?" என்று கேட்டேன். என் பிழைப்பே அதில் பாதி.

"சும்மான்னு யார் சொன்னா? உடம்புல எது குறையுதுன்னு பாத்துக் குடுத்தா ஈறு ஆறுறதுக்கு உதவும். ஆனா அது மாப்பிள்ளைத் தோழன், அத்தான். நீங்க தோழனுக்கே மாலை போட்டு உக்கார வெச்சுட்டீங்க. மாப்பிள்ளை வாசல்லயே நிக்கிறாரு."

மாப்பிள்ளை யாரென்று கேட்கத் தேவையிருக்கவில்லை. அவள் கையில் சுரண்டும் கருவி இருந்தது.

கிளம்பும்போது, அக்கா ஏதாவது சொன்னாளா என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். சின்னவள் கையுறையைக் கழற்றினாள்.

"உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லல. ஒரே ஒரு தடவ, ஒருத்தங்க வாய்ல வாடை வந்தா அத அவங்க மனசு நோகாம எப்படிச் சொல்றதுன்னு கேட்டா. யாருக்குன்னு நான் கேக்கல."

அந்த வாரமே ரத்தப் பரிசோதனை. சர்க்கரை இல்லை. வைட்டமின் டி மட்டும் ரொம்பக் குறைவு. பதினொரு பாட்டிலில் அது ஒன்றில்கூட ஒழுங்கான அளவில் இல்லை என்பது என் அதிர்ஷ்டம். சின்னவள் சீட்டு எழுதினாள். வாரத்துக்கு ஒரு வைட்டமின் டி, நாளுக்கு ஒரே ஒரு மீன் எண்ணெய் உருண்டை, மற்றதெல்லாம் நிறுத்தம். காலையும் இரவும் பல் இடுக்கில் விட்டுத் தேய்க்க ஊசிபோல ஒரு சின்ன பிரஷ். அந்தச் சீட்டைக் கொண்டுவந்து கல்லாவுக்கு வெளியே நின்று நீட்டிவிட்டு, உள்ளே போய் நானே வாங்கிப் படித்து, நானே எடுத்துக் கொடுத்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் சொன்னபடி கேட்கிற ஒரு வாடிக்கையாளர் அன்றைக்குத்தான் கிடைத்தார்.

ஈறு மரக்க ஊசி போட்டு, நாலு தடவையாகக் கால் கால் வாயாகச் சுரண்டினாள். ஆடுகிற பல்லைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து உள்பக்கமாக மெல்லிய கம்பியால் ஒட்டினாள். வலி பெரிதாக இல்லை. அந்தச் சத்தம்தான், மண்டைக்குள் யாரோ பாத்திரம் தேய்க்கிறமாதிரி கேட்டது. அச்சகத்து அம்மாவும் அதே நாட்களில் வந்தார். அவர் கடவாய்ப் பல்லைக் காப்பாற்ற முடியவில்லை, எடுக்க வேண்டியதாயிற்று. ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் நின்றிருக்கலாம் என்று சின்னவள் என்னிடம் தனியாகச் சொன்னாள். நான் அச்சகத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விடுங்கண்ணே, மத்ததெல்லாம் நின்னுச்சே என்றார். அன்று மாலையே, ஈற்றுக்கென்று பாட்டில் கேட்பவர் யாராக இருந்தாலும் முதலில் மாடி, பிறகுதான் பாட்டில் என்று ஒரு அட்டையை அலமாரியில் ஒட்டினேன். அவரே அச்சடித்துக் கொடுத்தார்.

மனைவியிடம், பல் சுத்தம் செய்துகொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன். நல்லதுங்க என்றாள், பக்கத்து நாற்காலியிலிருந்து. அவ்வளவுதான். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் இரண்டு வருஷமாக மறைத்ததற்கு அவள் வெட்கப்படுவாள், அவள் வெட்கப்பட்டால் நான் தாங்கமாட்டேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி அளவுக் கம்பி, மறுபடி எண்கள். மூணு, மூணு, ரெண்டு, மூணு. ஏழு இருந்த இடத்தில் நாலு. ரத்தம் இல்லை. பல் ஆடவில்லை. வாடை துளியும் இல்லை என்று சின்னவள் தன் முகக்கவசத்தையே கழற்றிவிட்டுச் சொன்னாள். எனக்குக் கண் கலங்கியதை விளக்கு வெளிச்சத்தின்மேல் போட்டேன். எங்கள் வீட்டில் வெளிச்சம்தான் எல்லாப் பழியையும் சுமக்கிறது.

இதில் என் மாத்திரைக்கு எவ்வளவு பங்கு என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. பத்தில் ஒன்றாவது கொடு என்றேன்.

"கூடமாட ஒத்தாசை பண்ணியிருக்கும் அத்தான். தனியா சம்பளம் கேக்கற அளவுக்கு இல்ல."

பல் நின்றது. ஈறு ஆறியது. ஆனால் வீட்டில் எதிர் நாற்காலி காலியாகவே இருந்தது. ஒரு வாரம், இரண்டு வாரம். பழக்கமாகிவிட்டது போலும். இரண்டு வருஷம் ஒதுங்கியே இருந்தவளுக்கு ஒதுங்குவது இப்போது நடை மாதிரி ஆகிவிட்டது. வாய் சரியாகிவிட்டது, வா, வந்து பார் என்று ஒரு மனுஷன் மனைவியிடம் எப்படிச் சொல்வது? நான் நெருங்கிப் போனால் அவள் நகர்வாளோ என்று பயந்து, இப்போது நான் நகர ஆரம்பித்திருந்தேன். நல்ல வாயை வைத்துக்கொண்டு நானும் பக்கவாட்டிலேயே பேசினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கடைக்கு விடுமுறை. அவள் நாற்காலியில் ஏறி நின்று பீரோ மேலிருந்த பழைய விடைத்தாள் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தாள். நான் கீழே நின்று வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டை இழுத்தபோது தூசி பொலபொலவென்று கொட்டியது. கண்ணைப் பொத்திக்கொண்டு இறங்கினாள். தேய்க்காதே என்றேன். கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து என் கடையில் ஆறு வகை இருக்கிறது, வீட்டிலும் ஒன்று இருக்கிறது. சத்தியமாக எதுவும் என் ஞாபகத்துக்கு வரவில்லை.

அவள் என் எதிரே வந்து நின்றாள். முகத்தை நிமிர்த்தி, விரலால் இமையை விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஊதுங்க," என்றாள்.

நான் நகரவில்லை. அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினேன். அவள் முகத்தைத் திருப்பவில்லை. இன்னொரு தடவை ஊதினேன். தூசி போய்விட்டது. கண்ணைச் சிமிட்டிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அவ்வளவு பக்கத்தில். அவள் இமையோரத்தில் எனக்குத் தெரியாமல் புதிதாக இரண்டு சுருக்கம் வந்திருந்தது.

"போச்சா?" என்று கேட்டேன்.

"போச்சு," என்றாள். பிறகு மற்ற கண்ணின் இமையை விரித்துப் பிடித்தாள். அதில் ஒன்றுமே விழவில்லை.

"இதுலயும் ஊதுங்க."